தையற்காரி சொன்ன வம்சாவளி

பிதிரார்ஜிதம் என்று சொன்னால் நன்செய் புன்செய்களும், தாழ்வாரம் வைத்த வீடும், பெட்டியின் அடியில் மடித்து வைத்த பத்திரங்களுமே நம் மனத்தில் முதலில் தோன்றுகின்றன. ஆனால் பத்திரம் எழுதாமலும், பாகப்பிரிவினை செய்யாமலும், கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் தெரியாமலேயே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் ஆஸ்தி ஒன்றும் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. பாட்டனுடைய மூக்கு பேரனுக்கு வருவதும், அத்தையின் குரலில் அண்ணன் மகள் பேசுவதும் அதைச் சேர்ந்தவை. சில குடும்பங்களுக்கு அவ்வாறே ஒரு வியாதியும் வந்து சேர்கிறது. புற்றுநோய் அப்படி வரக்கூடும் என்பதை வைத்திய உலகம் ஐயமின்றி ஒப்புக்கொள்வதற்கு ஏறக்குறைய நூறு வருஷங்கள் பிடித்தன. அந்த நூறு வருஷ வரலாறு ஒரு தையற்காரியின் கவலையிலிருந்து தொடங்குகிறது என்பதும், அவள் சொன்னதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டு எழுதி வைத்தார் என்பதும், எழுதிய அதே கை பிற்பாடு அவளுடைய குடும்பத்தைப் போன்றவற்றுக்கு ஒரு தீர்ப்பையும் எழுத முற்பட்டது என்பதும் என் மனத்தை வெகுகாலமாக விட்டகலாத விஷயங்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் ராஜ்யத்தில் ஆன் ஆர்பர் என்று ஓர் ஊர் இருக்கிறது. சர்வகலாசாலையால் பெயர் பெற்ற ஊர். ஆனால் அந்தச் சர்வகலாசாலை 1837-ஆம் வருஷம் அங்கே குடிபுகுவதற்கு முன்னரே, ஜெர்மனியின் தென்மேற்கிலுள்ள வுர்ட்டம்பர்க் சீமையிலிருந்து கப்பலேறி வந்த குடியானவர்கள் சுற்றுப்புறத்துக் காடுகளைத் திருத்திக் கழனியாக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கென்று பிரடெரிக் ஷ்மிட் என்னும் இளம் போதகர் 1833-இல் வந்து சேர்ந்தார். ஞானஸ்நானமும் விவாகமும் மரணமும் தேவாலயப் பதிவேட்டில் ஏறின. ஒருவர் வீட்டுத் துக்கம் மற்றவர் வீட்டுக்குத் தெரியாமல் இருக்க முடியாத நெருக்கத்தில் அந்தக் குடிகள் வாழ்ந்தன. அப்படி வந்த குடும்பங்களில் ஒன்றின் மூத்தவர் புற்றால் இறந்தார். அதை அன்று யாரும் ஒரு தொடக்கமாகக் கருதியிருக்கமாட்டார்கள். அவருடைய பிள்ளைகளும், பிள்ளைகளின் பிள்ளைகளும் நாற்பதிலும் ஐம்பதிலும், சிலர் அதற்கும் முன்னரே, அதே பாதையில் செல்லத் தொடங்கிய பிறகுதான், குடும்பத்துக்குள் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளும் பார்வையில் ஒரு கேள்வி குடியேறியது.

1895-ஆம் வருஷம், ஆல்ட்ரெட் ஸ்காட் வார்தின் என்னும் இளம் நோய்க்கூற்று நிபுணர், தமக்குத் துணி தைத்துக் கொடுக்கும் பாலீன் கிராஸ் என்ற பெண்மணி மனம் சோர்ந்திருக்கக் கண்டு காரணம் கேட்டார். தான் இப்போது ஆரோக்கியமாகவே இருப்பதாகவும், ஆனால் தன் உறவினரில் பெரும்பாலோர் வயிற்றிலோ குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்து மாண்டுபோனபடியால் தானும் அவ்விதமே இளவயதில் இறக்கப் போவது நிச்சயம் என்றும் அவள் சொன்னாள். வைத்தியரிடம் நோயாளிகள் அச்சம் சொல்வது நாள்தோறும் நடப்பது. வைத்தியர் தேறுதல் சொல்லி அனுப்பிவிடுவதும் நாள்தோறும் நடப்பதே. வார்தின் அப்படிச் செய்யவில்லை. யார் யார், எந்த வயதில், எந்த உறுப்பில் என்று கேட்டார். அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

இந்தக் கேள்வி எத்தனை அபூர்வமானது என்பதை அறிய அந்தக் காலத்து சாஸ்திரத்தின் நிலையைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். 1866-ஆம் வருஷம் மூன்று காரியங்கள் நிகழ்ந்தன. ப்ருன் நகரத்து மடத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்துவந்த மெண்டல் என்னும் துறவி, பரம்பரைக் குணங்கள் இறங்கிவரும் விதியைக் கணக்கிட்டு எழுதிய கட்டுரை அச்சாயிற்று. பாரீஸில் பால் ப்ரோகா என்ற புகழ்பெற்ற வைத்தியர், தம் மனைவியின் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் மார்பகப் புற்றால் மாண்ட பெண்களைத் தம் நூலில் பட்டியலிட்டார். அமெரிக்காவில் இண்டியானா ராஜ்யத்தில் வார்தின் பிறந்தார். இம்மூன்றும் ஒன்றையொன்று அறியாமல் கிடந்தன. மெண்டலின் கட்டுரையை 1900-ஆம் வருஷம் வரையில் அநேகமாக யாரும் பொருட்படுத்தவில்லை. ஆகையால், தையற்காரியின் முன் அமர்ந்து வார்தின் குறித்துக்கொண்டபோது, தாம் எழுதுவது எந்த விதிக்கு உட்பட்டது என்று சொல்வதற்கு அவர் கையில் சாஸ்திரம் எதுவும் இருக்கவில்லை. இளமையில் சங்கீதம் முறையாகப் பயின்று ஆசிரியர் தகுதி பெற்றவர் அவர். ஒரே ஸ்வரம் வெவ்வேறு இடங்களில் திரும்பத் திரும்ப ஒலிப்பதை அந்தக் காது கண்டுகொண்டது என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஒரு திருப்தி.

பின்னர் நடந்தது பல வருஷ உழைப்பு. வார்தினிடம் பரிசோதனைச் சாலையும் பதிவேடுகளும் இருந்தன. அறுவைச் சிகிச்சையில் எடுத்த சதைத் துணுக்குகளை மெழுகில் பதித்து, மெல்லிய தகடாகச் சீவி, சாயமேற்றி நுண்பெருக்கியின் கீழ் பார்ப்பது அவர் தொழில். ஆனால் சதைத் துணுக்குக்கு உறவுமுறை தெரியாது. இன்னார் இன்னாருக்குப் பெரியம்மாள் மகள், அவர் விவாகமாகி வேறு பெயரில் வேறு ஊரில் வாழ்ந்து இறந்தவர் என்பதைப் பரிசோதனைச் சாலை சொல்லாது. வீட்டுக்கு வீடு போய்வரும் ஒரு பெண்ணின் ஞாபகம்தான் சொல்லும். கர்ப்பப்பை வியாதியைப் பற்றி வாய்திறந்து பேசுவது மானக்குறைவாக எண்ணப்பட்ட காலத்தில், எந்த அத்தை எதனால் மாண்டாள் என்பதை அத்தையின் மக்களிடம் கேட்டறிய இன்னொரு பெண்ணால் அல்லாமல் வேறு யாரால் முடிந்திருக்கும்? பாலீன் தன் உறவினரைப் பற்றிய விவரங்களைச் சேகரித்து வார்தினுக்குத் தந்துவந்தாள். தன் மரணத்துக்குத் தானே சாட்சியம் திரட்டுகிறவளைப் போல, ஒவ்வொரு பெயராகச் சேர்த்து அவள் கொண்டுவந்து கொடுத்ததை நினைக்கும்போது, அதற்கு எத்தகைய மனத்திண்மை வேண்டும் என்று வியக்கிறேன்.

1913-ஆம் வருஷம் வார்தின் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். பெயர்களை மறைத்து எழுத்துக்களால் குறித்தார். தையற்காரியின் குடும்பம் ‘ஜி’ குடும்பம் ஆயிற்று. புற்றால் இறந்த அந்த மூத்தவரின் சந்ததியில் 48 பேர். அவர்களில் 17 பேர் புற்றால் இறந்தார்கள் அல்லது அதற்காக அறுவைச் சிகிச்சை பெற்றார்கள். கர்ப்பப்பையிலும் வயிற்றிலும் அது மிகுதியாக வந்தது. நெடுங்காலம் எண்ணிச் சேர்த்த துயரம் இரண்டு மூன்று வாக்கியங்களில் அடங்கிவிட்டது. பாலீன், தான் அஞ்சிய வண்ணமே, ஐம்பது வயதை எட்டுவதற்கு முன் கர்ப்பப்பைப் புற்றால் இறந்தாள்.

இங்கே நான் எழுத விரும்பாத ஒன்றை எழுதவேண்டியிருக்கிறது. அவள் ஏன் தன் குடும்பத்தின் கதையைச் சொன்னாள்? தனக்கு இல்லாவிட்டாலும் தனக்குப் பின் வருபவர்களுக்கு ஒரு வழி பிறக்காதா என்ற ஆசையில் சொல்லியிருப்பாள் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் காலத்து அமெரிக்கக் கல்விமான்களில் பலரைப் போல வார்தினும் இனமேம்பாட்டுக் கொள்கையில் நம்பிக்கை கொண்டிருந்தார். உயர்ந்த ரத்தம் பெருகவேண்டும், குறையுள்ள ரத்தம் சந்ததியின்றி ஒழியவேண்டும் என்பது அதன் சாரம். அவருடைய கட்டுரை வெளிவந்த அதே 1913-ஆம் வருஷத்தில், மனக்குறையுள்ளவர்கள் என்று அரசாங்கம் முத்திரையிட்டவர்களுக்கு வலுவில் மலடாக்கும் சிகிச்சை செய்வதற்கு மிச்சிகன் ராஜ்யம் சட்டம் இயற்றியது. 1928-இல் பாட்டில் கிரீக் நகரத்தில் கூடிய இனமேம்பாட்டு மகாநாட்டில் வார்தின் உபந்யாசம் செய்தார். ஒரு பெண் நம்பிச் சொன்ன வம்சாவளி, அவளைப் போன்றவர்கள் பிறந்திருக்கவே வேண்டாம் என்னும் வாதத்துக்கு அருகில் கொண்டுபோய் வைக்கப்பட்டது. கேட்கத் தெரிந்த மனிதர், கேட்டதன் பொருளைத் தவறவிட்டார். அவர் செய்த நன்மையை மறுக்காமலே இதையும் சொல்லியாகவேண்டும்.

வார்தின் 1931-இல் காலமானார். அவருக்குப் பின் 1936-இல் ஹாஸர், வெல்லர் என்ற இருவர் அக்குடும்பத்தைப் பற்றி மற்றோர் அறிக்கை எழுதினார்கள். பிறகு நீண்ட மௌனம். ஜெர்மனியில் இனமேம்பாட்டின் பெயரால் நடந்த கொடுமைகளைக் கண்ட உலகம், பரம்பரை என்ற சொல்லையே அருவருப்போடு பார்க்கலாயிற்று. புற்றுக்குக் காரணம் புகை, ரசாயனம், கிருமி ஆகிய வெளிப்பொருள்களே என்ற அபிப்பிராயமும் வலுத்தது. அதில் உண்மை பெரும்பங்கு இருந்தபடியால், மிச்ச உண்மையைத் தேடுவாரில்லை. ஆன் ஆர்பரில் கட்டுக் கட்டாகக் காகிதங்கள் காத்திருந்தன. குடும்பமோ தன் போக்கில் வளர்ந்துகொண்டும் இழந்துகொண்டும் இருந்தது.

1962-ஆம் வருஷம், நெப்ராஸ்கா ராஜ்யத்தின் ஒமாஹா நகரத்தில், முன்னாள் போர்வீரர்களுக்கான ஆஸ்பத்திரியில் ஹென்றி லிஞ்ச் என்னும் பயிற்சி வைத்தியர் ஒரு நோயாளியைப் பார்க்கப் போனார். இளமையில் வயதைக் கூட்டிச் சொல்லிக் கடற்படையில் சேர்ந்தவர், கூலிக்குக் குத்துச்சண்டை போட்டவர், பிறகே கல்வியில் இறங்கிப் பரம்பரை விஞ்ஞானமும் வைத்தியமும் கற்றவர் லிஞ்ச். நோயாளி மதுவின் வெறியால் உடல் நடுக்கமும் பிதற்றலும் கண்டு தெளிந்துகொண்டிருந்தவர். ஏன் இப்படிக் குடிக்கிறீர் என்று கேட்டதற்கு, எங்கள் குடும்பத்தில் எல்லோரும் புற்றால் சாகிறார்கள், எனக்கும் அதுதான் முடிவு என்று அவர் விடை சொன்னார். அறுபத்தேழு வருஷங்களுக்கு முன் தையற்காரி சொன்ன விடை! நாடு ஒன்று, குடும்பம் வேறு. அவள் ஊசியும் நூலுமாக அந்த அறிவோடு வாழ்ந்தாள், இவர் புட்டியின் துணையோடு அதை மறக்கப் பார்த்தார். லிஞ்சும் வார்தினைப் போலவே, யார் யார், எந்த வயதில் என்று கேட்டார்.

லிஞ்சுக்குத் துணையாக ஆன் க்ரஷ் என்ற சமூகசேவகி இருந்தார். அவர்கள் கடிதங்கள் எழுதினார்கள். உறவினரைத் தேடிப் பிடித்தார்கள். மரணச் சான்றிதழ்களையும் ஆஸ்பத்திரிக் குறிப்புகளையும் திரட்டினார்கள். மிச்சிகனில் மார்ஜரி ஷா என்பவர் அதே போன்ற மற்றொரு குடும்பத்தை அறிந்திருந்தார். இரண்டையும் சேர்த்து 1966-இல் கட்டுரை வெளிவந்தது. அதைக் கண்ட மிச்சிகன் சர்வகலாசாலையின் ஜேம்ஸ் ப்ரெஞ்ச் என்பவர், வார்தின் விட்டுச்சென்ற காகிதங்கள் முழுவதையும் லிஞ்சிடம் ஒப்படைத்தார். ‘ஜி’ குடும்பத்தை மறுபடி தேடிக்கொண்டு லிஞ்சும் க்ரஷும் போனபோது, தையற்காரியின் காலத்துச் சில டஜன் பேர் 650-க்கும் மேற்பட்ட ரத்த உறவினராகப் பெருகியிருந்தார்கள். 1971-இல் அந்த வரலாறு அச்சேறியது. வினோதமான ஒரு மாறுதலும் தெரிந்தது: பழைய தலைமுறையில் வயிற்றைத் தாக்கிய புற்று, புதிய தலைமுறையில் பெருங்குடலைத் தாக்கிற்று. அமெரிக்க ஜனங்கள் எல்லோரிடமுமே அந்த இடைக்காலத்தில் வயிற்றுப் புற்று குறைந்திருந்தது. ஆகவே, பிறவியோடு வருவது நோயன்று, நோய்க்குத் திறந்து கிடக்கும் ஒரு கதவு. அதன் வழியே நுழைவது எது என்பதை உண்ணும் உணவும் வாழும் சூழலும் தீர்மானிக்கின்றன என்பதற்கு அந்தக் குடும்பமே அத்தாட்சியாயிற்று.

லிஞ்சைப் பலர் நம்பவில்லை. ஒரே வீட்டில் ஒரே உணவை உண்கிறவர்களுக்கு ஒரே வியாதி வருவதில் ஆச்சரியம் என்ன என்று கேட்டார்கள். அரசாங்கத்திடம் அவர் கேட்ட ஆராய்ச்சிப் பணம் மறுக்கப்பட்டது. அவர் விடவில்லை. வார்தினிடமிருந்து அவரை நான் பிரித்து வைப்பது ஒரே காரணத்தால்தான்: இந்தக் குடும்பத்தை என்ன செய்வது என்ற கேள்வி அவருக்கு எழவில்லை, இந்தக் குடும்பத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வியே எழுந்தது. இன்ன வயதிலிருந்து பரிசோதித்துக்கொண்டே வாருங்கள் என்று அவர் அவர்களிடம் சொல்லத் தொடங்கினார். காரணமான மரபணு அப்போது கண்ணில் படவே இல்லை.

அது கண்ணில் பட்டது 1993-இல். பனையோலையில் சுவடிகளைப் பெயர்த்தெழுதிய காலத்தில், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று நம்மிடையே ஒரு வசனம் வழங்கிற்று. நம் உடம்பிலும் அந்தத் தொழில் ஓயாமல் நடக்கிறது. ஓர் உயிரணு இரண்டாகும் ஒவ்வொரு தடவையும், தாய் வழியாக ஒன்றும் தந்தை வழியாக ஒன்றுமாக வந்த, தலைக்கு 300 கோடி எழுத்துக்கொண்ட இரண்டு ஏடுகளும் முழுமையாகப் பெயர்த்தெழுதப்படவேண்டும். எத்தனை தேர்ந்த எழுத்தனுக்கும் கை பிழைக்கும். முக்கியமாக, ஒரே எழுத்து அடுத்தடுத்துப் பலமுறை வரும் இடத்தில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ எழுதிவிடுவான். ஆகையால் மூல ஏட்டோடு ஒப்புநோக்கித் திருத்துவதற்கென்று சில புரதங்கள் பின்னாலேயே வருகின்றன. பாக்டீரியாவில் இந்தத் திருத்தம் எப்படி நடக்கிறது என்பதைப் பால் மாட்ரிச் பல வருஷங்கள் பாடுபட்டு விளக்கினார். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ரொட்டி புளிக்க வைக்கும் ஈஸ்ட்டிலும் அதே ஏற்பாடு உண்டு. அதில் ஒப்புநோக்குவோனை நீக்கிவிட்டால் ஓரெழுத்து அடுக்குகள் எல்லாம் தாறுமாறாகின்றன என்று கண்டவர்கள், பரம்பரைக் குடற்புற்றிலும் அதே தாறுமாறு இருப்பதைக் கண்டபோது, மனிதனிடம் அந்தப் புரதத்துக்குரிய மரபணுவைத் தேடிப் பிடித்தார்கள். எம்.எஸ்.எச். 2 என்று அதற்குப் பெயர்.

ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றொன்று வேலை செய்கிறவரையில் குறை தெரியாது. ஏதோ ஓர் உயிரணுவில் அந்த மற்றொன்றும் தற்செயலாகக் கெடும்போது, பிழைகள் திருத்துவாரின்றிக் குவியத் தொடங்குகின்றன. ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் குடற்சுவரிலும் கர்ப்பப்பையின் உட்சுவரிலும் அது முதலில் விளைகிறது. ‘ஜி’ குடும்பத்தின் பிழை இன்னதென்று 2000-ஆம் வருஷம் தெரிந்தது: அந்த மரபணுவில் ‘டி’ என்னும் எழுத்து இருக்கவேண்டிய ஓரிடத்தில் ‘ஜி’ என்னும் எழுத்து. அவ்வளவே. வுர்ட்டம்பர்க்கிலிருந்து கப்பலேறி, காடு திருத்தி, இத்தனை கல்லறைகளை எழுப்பியது அந்த ஓரெழுத்து. 2005-இல் எழுதப்பட்ட வரலாற்றின்படி மூலபுருஷரின் சந்ததியார் 929 பேர்.

ஓரெழுத்து இன்னதென்று தெரிந்துவிட்டதால், பாலீன் தலைமேல் சுமந்த நிச்சயம் இன்று ஒரு கேள்வியாகிவிட்டது; சிறிதளவு ரத்தம் விடை சொல்லிவிடும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி. இல்லை என்று விடை வந்தவருக்கு அந்த அச்சம் அதோடு தீர்ந்தது. அவருடைய மக்களுக்கும் தீர்ந்தது, ஏனெனில் இது ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்துப் போவதில்லை. அப்படி விடுதலை பெற்றவர்களுள், தமக்கைக்கு வந்ததும் தமையனுக்கு வந்ததும் தமக்கு மட்டும் வரவில்லையே என்று குற்றவுணர்வில் வாடுகிறவர்கள் உண்டு. இருக்கிறது என்று விடை பெற்றவருக்கோ நோயில்லாமலே ஒரு நோயாளியின் வாழ்க்கை தொடங்குகிறது. இருபதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் ஆரம்பித்து, ஒன்று அல்லது இரண்டு வருஷத்துக்கொரு முறை, பெருங்குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் கொலனோஸ்கோபி. முதல் நாள் திட உணவை நிறுத்தி, பேதி மருந்தைத் தண்ணீரில் கரைத்துக் குவளை குவளையாகக் குடித்து, இரவெல்லாம் கழிவறைக்கும் படுக்கைக்கும் நடந்து, விடியற்காலையில் வெறுவயிற்றோடு ஆஸ்பத்திரித் திண்ணைப் பலகையில் உட்கார்ந்திருப்பவருக்கு, தாயோ தந்தையோ அதே வயதில் என்ன ஆனார் என்பது நினைவில் வராமல் இராது. மயக்கம் தெளிந்தவுடன், சிறு முளை ஒன்று இருந்தது, எடுத்தாயிற்று என்று வைத்தியர் சொல்வார். புற்றாகியிருக்கக்கூடிய ஒன்று, ஆகாமலே போயிற்று. குழந்தை பெற்று முடித்த பெண்களுக்குக் கர்ப்பப்பையையும் சூலகங்களையும் முன்கூட்டியே எடுத்துவிடுவதா என்ற கேள்வியும் வருகிறது. அதற்கு விடை ஒவ்வொருத்தியும் தானே காணவேண்டியது.

பலன் உண்டா என்று கேட்டால், பின்லாந்தில் பதினைந்து வருஷம் கவனித்த கணக்கு ஒன்று இருக்கிறது. இத்தகைய குடும்பங்களில் பரிசோதித்துக்கொண்டுவந்த 133 பேரில் குடற்புற்றால் ஒருவரும் இறக்கவில்லை. பரிசோதித்துக்கொள்ளாத 119 பேரில் 9 பேர் இறந்தார்கள். இங்கிலாந்தின் ஜான் பர்ன் தலைமையில் 861 பேரிடம் நடந்த ஆராய்ச்சியில், சாதாரண ஆஸ்பிரின் மாத்திரையை நாள்தோறும் 600 மில்லிகிராம் வீதம் சுமார் இரண்டு வருஷம் உட்கொண்டவர்களுக்குக் குடற்புற்று கணிசமாகக் குறைந்தது. இந்தப் பிழையுள்ள புற்றுக்களை உடம்பின் காவற்படையைக் கொண்டே தாக்கச் செய்யும் ஒரு மருந்துக்கு, எந்த உறுப்பில் வந்ததாயினும் கொடுக்கலாம் என்று 2017-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சட்டமும் சற்றுக் கண் திறந்தது: பிறவிக்கூற்றைக் காரணம் காட்டி வேலையையோ வைத்தியக் காப்பீட்டையோ மறுக்கலாகாது என்று 2008-இல் அந்நாடு விதித்தது. ஆயுள் காப்பீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பது இன்றும் ஆறாத குறை.

1984-இல் இந்நோய்க்கு லிஞ்சின் பெயர் வழங்கலாயிற்று. அந்தப் பெயரை முன்மொழிந்தவர்களில் ஒருவரான ரிச்சர்ட் போலண்ட் என்ற வைத்தியர் அத்தகைய குடும்பமொன்றில் பிறந்தவர். தம் தந்தையை இந்நோய்க்கே பறிகொடுத்தவர். லிஞ்ச் 2019-இல் காலமானார். அதே வருஷத்தில், கனடாவில் வாழும் ஏமி மெக்கே என்னும் நாவலாசிரியை தம் குடும்ப வரலாற்றை நூலாக வெளியிட்டார். தையற்காரியின் உறவு வழியில் பிறந்தவர் அவர். அந்த ஓரெழுத்தைத் தம்மிடமும் உடையவர். வைத்தியக் கட்டுரைகளில் பெயரற்றுக் கிடந்த பாலீன் கிராஸைப் பெயர் சொல்லி அழைத்துப் பெரும்பாலான வாசகர்கள் முன் நிறுத்தியது அந்த நூல்தான்.

இத்தகைய குடும்பங்களுக்கு வைத்தியர்கள் வரையும் வம்சாவளிப் படத்தை ஒருமுறை அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். புற்று கண்டால் உள்ளே கறுப்பு நிரப்புவார்கள். இறந்தால் குறுக்கே ஒரு சாய்கோடு. மேல் வரிசைகளில் கறுப்பும் சாய்கோடும் நெருங்கிக் கிடக்கின்றன. கீழே வரவரப் பழைய படங்களில் காணாத மற்றொரு குறி தென்படுகிறது: உள்ளே வெள்ளையாகவே இருக்கும் வட்டம், நடுவில் செங்குத்தாக ஒரே கோடு. எழுத்து உடம்பில் இருக்கிறது, நோய் வரவில்லை என்று அதற்குப் பொருள். பக்கத்தில் சிறிய இலக்கத்தில் வயது எழுதியிருக்கும். அடுத்த பரிசோதனைக்கு அவர் வரும்போது, அதை அடித்துவிட்டு ஒன்று கூட்டி எழுதுகிறார்கள்.